எஸ்பிஆர்: லோயரில் என்ன பொறிப்பது, பேரல் எவ்வளவு நீளம்? அனுபவப் பகிர்வு

கடைசல்:

கையில் இருக்கும் ஏஆர்-15 லோயரை (டிரிகர் இருக்கும் கீழ்ப்பகுதி) ஃபார்ம் 1 (உருவாக்க முன் ஒப்புதல் கேட்கும் கூட்டாட்சி அரசுப் படிவம்) மூலம் குறுங்குழல் ரைஃபிளாக்க, அதாவது எஸ்பிஆர் ஆக்க, நினைக்கும் அமெரிக்கவாழ் நண்பர்களுக்கு. 2026 ஜனவரி 1 முதல் அதற்கான 200 டாலர் வரி பூஜ்யம். வரி போனதால் பதிவும் பொறிப்பும் போய்விட்டன என்று நினைத்துவிடாதீர்கள். கைரேகை அட்டை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைவருக்கு நகல் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சட்டத்தின் கண்ணில் அந்த ரைஃபிளை 'உருவாக்கியவர்' நீங்கள். தொழிற்சாலை போட்ட சீரியல் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புது எண் வேண்டாம். நீங்கள் சேர்க்க வேண்டியது பெயர், ஊர், மாநிலம். மாநிலத்துக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் போதும். டிரஸ்ட் (துப்பாக்கியைத் தனிநபர் பெயரில் இல்லாமல் பதிய உதவும் சட்ட அமைப்பு) பெயரில் விண்ணப்பித்தால் டிரஸ்டின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும், உங்கள் பெயரை அல்ல.

ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். சீரியல் எண்ணின் எழுத்து உயரம் 1/16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இந்த ஆழத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். லோயரின் மேல் இருக்கும் ஹார்ட் அனோடைஸ் பூச்சே ஏறத்தாழ 0.001 முதல் 0.002 அங்குலம் வரும். லேசர்காரர் ஒரே ஓட்டு ஓட்டிப் பூச்சை வெளுக்க வைத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆழம் இருக்காது. கடையில் '0.005 வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பழைய அலுமினியத் துண்டில் முதலில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஆழமானியால் அளந்து பார்த்த பிறகு லோயரை நீட்டுங்கள். செராகோட் (பீங்கான் கலந்த வண்ணப்பூச்சு) அடிக்கப் போகிறீர்கள் என்றால் பூச்சு பள்ளத்திலும் இறங்கும். இன்னும் கொஞ்சம் ஆழம் கேளுங்கள்.

இடத்துக்கு மேகசின் வெல்லின் (மேகசின் செருகும் குழி) வலப்பக்கம் அல்லது டிரிகருக்கு மேலே உள்ள தட்டையான பகுதி நல்லது. ஸ்டாக் (தோள்கட்டை), கிரிப் எதுவும் மறைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் வெள்ளையாகத் தெரியும் அலுமினியத்தை அலுமினியம் பிளாக் தொட்டுக் கறுப்பாக்கலாம்.

நாலெழுத்து:

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் இடம் மாறி இருக்கும். ஃபார்ம் 1-இல் எப்படிப் போகிறதோ அப்படியே உலோகத்திலும் இருக்க வேண்டும். முப்பது எழுத்துப் பெயரை அந்தச் சின்ன இடத்தில் அடைப்பது கஷ்டம். டிரஸ்ட் எழுதுகிறவர்கள் தொடக்கத்திலேயே நாலைந்து எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள், பொறிக்கும் நாளில் நிம்மதி.

அங்குலம்:

பேரலுக்கு வருகிறேன். ரைஃபிளில் 16 அங்குலத்துக்குக் குறைவான பேரல், அல்லது 26 அங்குலத்துக்குக் குறைவான மொத்த நீளம், இரண்டில் எது இருந்தாலும் எஸ்பிஆர்தான்.

5.56 தோட்டாவுக்கு 10.3, 10.5, 11.5, 12.5, 14.5 அங்குலப் பேரல்கள் கடைகளில் கிடைக்கும். 10.3 வாங்குவதற்கு முன் கேஸ் போர்ட்டை (ரைஃபிளை இயக்க பேரலில் இருந்து வாயு எடுக்கும் துளை) யோசியுங்கள். கார்பைன் நீள கேஸ் அமைப்பில் போர்ட்டுக்கு அப்பால் 10.3-இல் 3 அங்குலத்துக்கும் குறைவான பேரல்தான் மிஞ்சும், 11.5-இல் அது 4-ஐ நெருங்கும், 14.5-இல் சுமார் 7. குண்டு வாயைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்துவிடுவதால், குட்டைப் பேரலில் போர்ட்டைப் பெரிதாகத் துளைத்து ஈடுகட்டுகிறார்கள். 10.3-இல் 0.070 அங்குலம் சகஜம். அதோடு சப்ரஸரையும் (ஒலியடக்கி) மாட்டினால் கேஸ் அளவுக்கு மிஞ்சிப் போகும்: காலித் தோட்டாக்கூடு முன்பக்கமாகப் பறக்கும், அதன் விளிம்பு கிழியும், முகத்தில் புகை அடிக்கும். எச்2 பஃபர் (ஸ்டாக் குழாய்க்குள் இருக்கும் கனமான எடை), சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக் இரண்டும் உதவும். போர்ட் சின்னதாக இருந்தால் நேர் எதிர்: கடைசிக் குண்டுக்குப் பிறகு போல்ட் (தோட்டாவை அறையில் பூட்டும் பகுதி) பின்னால் நிற்காது.

வேகமும் குறையும். எம்193 (ராணுவ 5.56 தோட்டா) குண்டு 20 அங்குலப் பேரலில் விநாடிக்குச் சுமார் 3,200 அடி போகும், 10.3-இல் ஏறக்குறைய 2,700. ஒரே ஒரு பேரல்தான் வாங்குவேன் என்றால் 11.5 அல்லது 12.5 வாங்குங்கள். கேஸ், வேகம், அடக்கம் மூன்றும் அங்கேதான் ஒத்துப்போகின்றன.

.300 பிளாக்அவுட் என்ற தோட்டாவின் கதையே வேறு. மருந்து சீக்கிரம் எரிவதால் 9 அங்குலமே தாராளம். பிஸ்டல் நீள கேஸ். ஆனால் அந்தத் தோட்டா 5.56 சேம்பரில் (தோட்டா அமரும் அறை) நுழைந்துவிடக்கூடும். சுட்டால் ரைஃபிள் வெடிக்கும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மேகசினுக்கு வேறு நிறம், டஸ்ட் கவரில் கேலிபர் என்று பழகிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

மூங்கில்குச்சி:

அளக்கும் முறை: துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை மூடி, வாய்ப்பக்கமாக மரக்குச்சியை போல்ட் முகம் வரை விட்டு, வாயின் ஓரத்தில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளவுங்கள். திருகிக் கழற்றக்கூடிய ஃபிளாஷ் ஹைடர் (வாயில் தீப்பொறியைக் குறைக்கும் துண்டு) கணக்கில் வராது. முழுச் சுற்று வெல்டிங், 1,100 டிகிரி ஃபாரன்ஹீட் வெள்ளிப் பற்று, அல்லது முளை அடித்து அதன் தலையை வெல்டிங்கில் மூடுவது, இவற்றால் நிரந்தரமாக்கினால் மட்டுமே வரும். 14.5 பேரலில் அப்படிச் செய்து 16-ஐத் தாண்டிவிட்டால் ஃபார்ம் 1 தேவையே இல்லை. 15.98 வந்தால் குற்றம். கொஞ்சம் கூடவே வையுங்கள். மொத்த நீளத்தை ஸ்டாக்கை விரித்து அளக்க வேண்டும்.

நாலெழுத்து:

விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை. எச்-1பி, எஃப்-1-இல் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது; செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பரின் டிரஸ்டில் பெயர் சேர்த்துக்கொள்வதால் தடை நீங்காது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க்கில் சாதாரணக் குடிமகனுக்கு எஸ்பிஆர் கிடையாது.

கடைசல்:

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஒப்புதல், பிறகு பொறிப்பு, கடைசியில் குட்டை அப்பரை (பேரல் இருக்கும் மேல்பகுதி) பூட்டுவது. ஒப்புதலுக்கு முன் வீட்டில் ஸ்டாக் பூட்டிய லோயர் ஒன்றுதான் இருக்கிறது, பக்கத்தில் 10.3 அப்பரும் இருக்கிறது என்றால் அது வம்பு. பூட்டியே விட்டால் பத்து ஆண்டு வரை சிறை. சட்டப்படி ஒரு ஏஆர் பிஸ்டல் லோயரும் இருந்தால் அந்த அப்பருக்கு முறையான பயன் உண்டு. 1992-இல் தாம்சன்/சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியில்தான் போனது. ஆனாலும் அப்பரை ஒப்புதல் வந்த பிறகு வாங்குவதே நல்லது. மாநில எல்லை தாண்டினால் 5320.20 படிவத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, அதன் நகலை ரைஃபிள் பையிலேயே வையுங்கள்.