பெயர் ஒட்டாத போத்தல்

குழு: எங்கட வீடு
சனிக்கிழமை, நத்தாருக்கு முந்திய கிழமை

[மாலை 6:42] நான்: சித்தி அனுப்பிய பெட்டி கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. சொக்லேட், அப்பாவுக்கு சுவெட்டர், பெரியக்காவின் மகனுக்குச் சப்பாத்து எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறது. ஒரு சென்ட் போத்தலில் மட்டும் பெயர் இல்லை.

[6:43] நான்: (படம்)

[6:45] தம்பி: அடித்துப் பார்த்தீர்களா சின்னக்கா? எப்படி மணக்கிறது?

[6:48] நான்: கையில் ஒரு தரம் அடித்தேன். முதலில் தோடம்பழத் தோல் உரித்த மாதிரி இருந்தது. இப்போது கறுவாவும் கராம்பும் வருகிறது. வெளியே மழை, கதவெல்லாம் பூட்டு. மாமி வீட்டில் நத்தார் கேக் வேகும்போது வருமே, அந்த மணம் அறை முழுக்க நிற்கிறது.

[6:50] மாமி: இங்கே முல்லைத்தீவிலும் நல்ல மழை பிள்ளை. கூதலும் கூட. கஜு, இஞ்சி, சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணி எல்லாம் வெட்டி பிரண்டியில் ஊறப் போட்டிருக்கிறேன். கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் இனித்தான் இடிக்க வேண்டும்.

[6:53] சித்தி: எல்லோருக்கும் காலை வணக்கம், இங்கே இப்போது காலைதான். பெயர் போட மறக்கவில்லை. இது யாருக்கு என்று எனக்கே பிடிபடவில்லை. மணத்தைப் பார்த்து ஆளை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன்.

[6:55] பெரியக்கா: தம்பிக்குக் கொடுக்கலாமே. கராம்பு மணம் என்றால் ஆம்பிளைகளின் சென்ட்தானே?

[6:58] சித்தி: அப்படி இல்லை. ஓல்ட் ஸ்பைஸ் என்றால் எல்லோருக்கும் அப்பாமாரின் ஞாபகம் வரும். ஆனால் 1937 இல் அது முதலில் பெண்களுக்காகத்தான் வந்தது. ஆண்களுக்கு அடுத்த வருடம், 1938 இல். 1977 இல் ஈவ் சென் லோரான் விட்ட ஓப்பியமும் பெண்களுக்கான சென்ட்தான். அதிலும் கராம்பு உண்டு. ஆணா பெண்ணா என்று பார்க்காமல் ஆளின் குணத்தைப் பாருங்கள்.

[7:00] தம்பி: மாத்தறையில் இருந்து படிக்க வந்த நண்பன் ஒருவன் விடுமுறை முடிந்து வரும்போது வீட்டுக் கறுவா கொண்டுவருவான். கடதாசி மாதிரி மெல்லிய பட்டை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும். ஒருமுறை இலையும் கொண்டுவந்தான். கசக்கினால் கராம்பு மணக்கிறது சித்தி, கறுவா மணக்கவில்லை!

[7:02] சித்தி: சரியாகப் பிடித்திருக்கிறாய். கறுவா இலை எண்ணெயில் கூடுதலாக இருப்பது யூஜினோல் என்ற மணப்பொருள். கராம்பிலும் அதுதான். பட்டையின் மணத்துக்குக் காரணம் வேறு, சினமால்டிஹைட்.

[7:03] பெரியக்கா: சரி சித்தி, குணத்துக்கு வாருங்கள். இந்த மணம் எப்படிப்பட்ட ஆளுக்கு?

[7:09] சித்தி: நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். ஒரு சென்ட்டில் எல்லா மணமும் ஒரே நேரத்தில் பறப்பதில்லை. தோடை, எலுமிச்சை லேசானவை. அடித்தவுடன் முன்னுக்கு வந்து நின்று, கொஞ்ச நேரத்தில் போய்விடும். கண்டவுடன் சிரித்து, யாருடனும் உடனே பழகுகிறவர்களுக்கு அந்த மணம் வடிவாகப் பொருந்தும். எங்கள் தம்பி அப்படி. கறுவாவும் கராம்பும் அதற்குப் பிறகு வரும். அடியில் இருப்பது வனிலாவும் சாம்பிராணியும். அவை மெதுவாகத்தான் வெளியே வரும், ஆனால் இரவு வரை தோலோடு இருக்கும். நான் நிற்கிற சென்ட் கடையில் இதை வாங்க வருகிறவர்களை ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். சத்தமில்லாத ஆட்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கடுமையானவர்கள் போல இருப்பார்கள். பக்கத்தில் போய் இருந்தால்தான் எவ்வளவு இதமானவர்கள் என்று தெரியும்.

[7:11] நான்: சாம்பிராணியா? வெள்ளிக்கிழமை தணலில் போடுகிற சாம்பிராணியா?

[7:13] சித்தி: அந்தப் பிசின்தான். நல்ல சாம்பிராணியில் வனிலின் இயற்கையாகவே இருக்கிறது. புகையில் ஒரு இனிப்பு இருக்குமே, அதற்குக் காரணம் அது. போத்தலில் 'அம்பர்' என்று போட்டிருப்பார்கள். சாம்பிராணி, வனிலா, லப்டனம் என்ற இன்னொரு பிசின், இவை சேர்ந்த கலவைக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர்.

[7:15] பெரியக்கா: அப்படியென்றால் யோசிக்கவே தேவையில்லை. மாமிக்குத்தான்.

[7:19] மாமி: வேண்டாம் பிள்ளை. மார்கழி முழுக்க என் கை, தலைமயிர், உடுப்பு எல்லாம் இந்த மணம்தான். வேலை முடித்துக் குளிக்கும்போது சந்தனச் சவர்க்காரம் போட்டால்தான் எனக்கு ஆறுதல். இது அடுப்படியில் நிற்கிறவருக்கான மணம் இல்லை. வெளியே இருந்து அந்த மணத்தை அனுபவிக்கிறவருக்கானது. கேக் வேகிற நேரம் எங்கள் விறாந்தையில் யார் வந்து இருப்பார், யோசித்துப் பாருங்கோ.

[7:20] தம்பி: பெரியப்பா!

[7:20] பெரியக்கா: ஐயோ, ஓம். பெரியப்பா.

[7:22] மாமி: மச்சாள் போன பிறகும் ஒரு வருடம்கூட அவர் வராமல் விட்டதில்லை. நான் கேக்குக்குப் போடுகிற கஜு ஒட்டுசுட்டானில் அவருடைய மரத்துக் கஜு. தானே சுட்டு, தானே உடைத்து, பையில் கட்டிக்கொண்டு வருவார். வாசலில் வைத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருப்பார். கேக் இறக்கும் வரை ஒரு கதையும் இல்லை. எழும்பும்போது "நல்ல மணம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

[7:28] நான்: எனக்கு ஏழு வயதில் ஒரு இரவு பல்வலி. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பெரியப்பா சட்டைப் பையில் இருந்து ஒரு கராம்பை எடுத்து, வலிக்கிற பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். விடியும் வரை பக்கத்தில் இருந்தார். "வலிக்கிறதா" என்றுகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை கண் விழித்தபோதும் அங்கேயே இருந்தார். இப்போது கையை மணந்து பார்க்கிறேன். தோடை மணம் போய்விட்டது. இருப்பது அந்த இரவு பெரியப்பாவின் பக்கத்தில் இருந்த மணம்.

[7:30] சித்தி: கராம்பு எண்ணெயைப் பல் வைத்தியர்களும் பாவிப்பார்கள். வலியை மரக்கச் செய்வது அந்த யூஜினோல்தான். பிள்ளை, நீ எழுதியதை வாசித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

[7:32] தம்பி: இந்தக் குழுவில் பெரியப்பா எழுதியவை எனக்கு நல்ல ஞாபகம். "ஓம்." "சரி." "முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்கிறது." ஆனால் நாங்கள் அனுப்புகிற ஒவ்வொன்றையும் வாசிப்பார். இப்போதும் வாசித்திருக்கிறார், நீலச் சரி விழுந்திருக்கிறது.

[7:34] பெரியக்கா: ஒட்டுசுட்டான் வெயிலுக்கு இந்த மணம் கனதியாக இருக்காதா சித்தி? அவருக்குத் தலையிடி வந்தால்?

[7:37] சித்தி: சித்திரை, வைகாசியில் பூச வேண்டாம். சூட்டில் மணம் வேகமாகக் கிளம்பி மூக்கில் அடிக்கும். மார்கழி, தைக் கூதலுக்குத்தான் இது. போத்தலை யன்னல் ஓரம் வைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள், வெளிச்சமும் சூடும் பட்டால் பழுதாகும். இன்னொன்று, கறுவாவும் கராம்பும் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி, இரண்டு நாள் பார்க்க வேண்டும்.

[7:39] நான்: நாளைக் காலை மாங்குளத்தால் பஸ் எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

[7:58] பெரியப்பா: எல்லாம் வாசித்தேன்.

[8:04] பெரியப்பா: உங்கள் பெரியம்மா சேலைப் பெட்டிக்குள் கராம்பு போட்டு வைப்பா. பூச்சி வராமல். சேலை எல்லாம் அந்த மணம். அதுதான் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

[8:11] மாமி: எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது அண்ணா.

[8:15] பெரியப்பா: வயல் காவலுக்குப் போகும்போது பூச மாட்டேன். யானைக்கு மோப்பம் கூட. நத்தாருக்கு வரும்போது பூசிக்கொண்டு வருகிறேன்.

[8:17] சித்தி: அத்தான், நெஞ்சில் ஒரு தரம் மட்டும் போதும். வெள்ளைச் சட்டையில் படாமல் பாருங்கள், கறை பிடிக்கும்.

[8:18] பெரியப்பா: ஓம்.