172 செ.மீ. கார்டுக்கு என்.பி.ஏ.வில் இடம் உண்டா? யூகி கவாமுராவை முன்வைத்து

காட்பாடி கார்டு:
ஜப்பானியக் கூடைப்பந்து வீரரான யூகி கவாமுரா, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் கார்டு. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில், 2024–25 பருவத்தில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்காக, துணை அணிக்கும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் 22 ஆட்டங்களில் இறங்கினார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு நிமிடங்களே கிடைத்தன என்பதற்காக, அவரை வெறும் வேடிக்கைப் பொருள் என்று வேலூர் மைதானத்தில் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. யாமகுச்சி மாகாணத்தின் யனாய் என்னும் சிறு நகரைச் சேர்ந்த அவர், ஃபுகுவோகா தாய்-இச்சி பள்ளி 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியான விண்டர் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடினார். பதினெட்டு வயதிலேயே தொழில்முறை ஆட்டத்தில் கால்வைத்தார். 2022–23இல் ஜப்பானின் தொழில்முறை லீக்கான பி.லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் சிறந்த புதுமுக விருதும் அவருக்கே கிடைத்தன. 2023 உலகக் கோப்பையில் பின்லாந்தை வீழ்த்தியபோது 25 புள்ளிகளும் 9 அசிஸ்டுகளும் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்கள்) எடுத்தவரைக் குள்ளம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடலாமா?

பாலாறு பழைய கோச்:
தம்பி, அவருடைய திறமையை யார் மறுத்தது? என் கேள்வி தடுப்பாட்டத்தைப் பற்றியது. கவாமுரா யாரைக் காக்கிறாரோ அந்த ஆட்டக்காரரையே எதிரணி ஸ்கிரீன் போட, அதாவது பந்து வைத்திருப்பவரைக் காப்பவரின் வழியை மறித்து நிற்க, அனுப்பும். காப்பவர்கள் ஆளை மாற்றிக்கொள்ளும் ஸ்விட்ச் நடந்த நொடியில் இரண்டு மீட்டர் உயர ஆளுக்கு முன்னால் இவர் தனியாக நிற்பார். உதவிக்கு இன்னொருவர் ஓடினால், மூலையில் மூன்று புள்ளி எறிபவருக்கு இடம் கிடைத்துவிடும். சாயங்காலம் நம் சிமெண்ட் தரையில் ஆடும் பையன்கள்கூட இதைத்தானே செய்கிறார்கள்?

காட்பாடி கார்டு:
160 செ.மீ. உயரமுள்ள மக்ஸி போக்ஸ் அங்கே 14 பருவங்கள் ஆடினாரே, சார்?

பாலாறு பழைய கோச்:
ஆடினார்; ஆனால் அது 1987க்கும் 2001க்கும் இடைப்பட்ட காலம். அன்றைய உயரமான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கூடைக்கு அருகிலேயே நின்றார்கள், குட்டையானவரைத் தேடிப்பிடித்துத் தாக்கும் முறையும் இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. இன்று ஐந்து பேரும் வெளியே வந்து எறிகிறார்கள்.

சத்துவாச்சாரி பி.டி. டீச்சர்:
இருவரும் உயரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நம் நாட்டு சத்னம் சிங் ஏழடிக்கும் மேல் உயரமானவர். 2015இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில் டல்லஸ் அணி 52ஆம் தேர்வாக எடுத்தும், என்.பி.ஏ.வின் ஒரு பருவ ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. கவாமுராவை உருவாக்கியது பள்ளியிலிருந்து நேரடியாகப் பெரியவர்களின் லீக்குக்கு ஏற்றிவிட்ட ஏணிதான். என் பள்ளியில் நன்றாக ஆடும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பந்தை வாங்கிப் பரணில் வைத்துவிடுகிறார்கள். அது வேறு வயிற்றெரிச்சல், விடுங்கள். விவாதத்துக்கு வருகிறேன்: கிரிஸ்லீஸின் துணை அணியான ஹஸ்லில் அவருடைய சராசரி எட்டு அசிஸ்டுகளுக்கு மேல். சக ஆட்டக்காரர் கேட்காத பந்தையும் அவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பார்வையை எந்த அணியும் எளிதில் விடாது. எறிதல்தான் எனக்குச் சந்தேகம். பன்னாட்டு ஆட்டத்தில் 6.75 மீட்டரில் இருக்கும் மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டருக்குத் தள்ளிப்போகிறது; தடுப்பவரின் கை நீளும் முன்பே அங்கிருந்து எறிந்தாக வேண்டும்.

பாலாறு பழைய கோச்:
மேடம் சொல்வது சரி. நான் பயிற்சியாளராக இருந்தால் மாற்று ஐவருடன் எட்டு நிமிடங்கள் தருவேன், கடைசி ஐந்து நிமிடங்கள் பெஞ்சில் உட்காரவைப்பேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் என்ன நடந்தது? சில நொடிகளே மீதமிருக்க, ஜப்பான் நான்கு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. பிரான்சின் ஸ்ட்ராசெல் எறிந்த மூன்று புள்ளியும் விழுந்தது, அவரைத் தடுத்த கவாமுரா மீது ஃபவுலும் ஊதப்பட்டது. ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவின் ஒரு புள்ளியும் சேர ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் 94–90 எனக் கைநழுவியது.

காட்பாடி கார்டு:
எட்டு நிமிடங்களுக்கு ஒப்புக்கொள்கிறேன், சார். அந்த ஃபவுலுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று 29 புள்ளிகள் எடுத்தவர் அவர். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பத்து முறை பார்த்துவிட்டேன், கை பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பாலாறு பழைய கோச்:
பட்டதா இல்லையா என்பது நடுவரின் பாடு. அந்த நேரத்தில் அவ்வளவு நெருங்கிப் போனதே தவறு.