வீட்டு அலுவலகத்துக்கு ஃபேக்ஸ்: மெஷின் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திருப்பூரிலிருந்து:

வீட்டு ஆபீசுக்கு ஃபேக்ஸ் மெஷின் வாங்க வேண்டும், எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் தாளை எவ்வளவு காலம் பத்திரப்படுத்த வேண்டும்? வீட்டுக்கு வரும் போன் லைன் எப்படிப்பட்டது? மாடல் எல்லாம் அப்புறம்தான்.

வீட்டின் முன்னறையை ஆபீசாக்கி பையிங் ஏஜென்ட் வேலை, அதாவது துணி வாங்கும் கம்பெனிகளுக்காக இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பார்த்தவன் நான். தொண்ணூறுகளில் ஆர்டர், மெஷர்மென்ட் சார்ட், பிரிண்ட் எந்த இடத்தில் வர வேண்டும் என்ற படம், எல்லாமே ஃபேக்ஸில்தான் வரும். எங்களைப் போன்ற வீட்டு ஆபீஸ்களில் அப்போது அதிகம் இருந்தது தெர்மல் ரோல் போடும் மெஷின். மையும் வேண்டாம், டோனரும் வேண்டாம். தாளில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். 30 மீட்டர் ரோலில் ஏறக்குறைய நூறு ஏ4 பக்கம் வரும். பழுது அதிகம் வராது.

ஆனால் அந்தத் தாளை நம்பி ஃபைல் போட முடியாது. வெயிலில் வைத்தால் தாளே கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் எழுத்து மங்கிவிடும். ஒரு பழைய ஆர்டரில் டி-ஷர்ட்டின் கை நீளம் பற்றித் தகராறு வந்தது. “நாங்கள் கொடுத்த அளவு வேறு” என்றார்கள் பையர் (ஆர்டர் கொடுத்த கம்பெனி) தரப்பில். ஃபைலைப் பிரித்துப் பார்த்தால், மேலே கம்பெனி பெயர் புகைபோல லேசாகத் தெரிகிறது. கீழே அளவு எழுதிய கட்டங்கள் முழுக்க வெள்ளை. சரிபார்த்தபோது நாங்கள் பேனாவால் போட்ட டிக் மட்டும் வரிசையாக நிற்கிறது, எந்த எண்ணுக்குப் போட்டது என்று தெரியாமல். காட்ட ஆதாரம் இல்லை, விலையைக் குறைத்துத்தான் முடித்தோம். அன்றிலிருந்து ஃபேக்ஸ் வந்த கையோடு ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத்தான் ஃபைலில் வைப்போம்.

பிறகு ஃபிலிம், அதாவது மை பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சுருள், போடும் மெஷினுக்கு மாறினோம். சாதா ஏ4 தாள், எழுத்து அழியாது. ஆனால் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தாலும் முழுப் பக்க நீளத்துக்கு ஃபிலிம் ஓடிவிடும். இன்னொன்றையும் யாரும் சொல்லித் தருவதில்லை. தீர்ந்துபோன ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வந்த பக்கம் அத்தனையும் அதில் வெள்ளை எழுத்தாக அப்படியே இருக்கும். விலை, பேங்க் விவரம், கையெழுத்து எல்லாம் படிக்கலாம். வெட்டித் துண்டாக்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மாதம் நாற்பது ஐம்பது பக்கத்துக்கு மேல் வரும் என்றால் யோசிக்காமல் லேசருக்குப் போங்கள். எதை வாங்கினாலும் முதல் நாளே தேதி, நேரம், உங்கள் எண் மூன்றையும் சரியாகப் பதிந்துவிடுங்கள். அனுப்பும் பக்கத்தின் தலையில் அச்சாகும் அந்த வரிதான் பின்னால் சாட்சி. ‘ஓகே’ என்று வரும் ரிப்போர்ட், எதிர்முனை மெஷின் வாங்கிக்கொண்டது என்பதை மட்டுமே சொல்லும். முக்கியமான தாள் என்றால் ஒரு போன் போட்டு, கைக்குக் கிடைத்ததா, எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து:

திருப்பூர் அண்ணன் சொன்னதில் லைன் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். சிறிய கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறேன். பேசுவதற்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன். “சார், டோன் குடுங்க” என்று, அதாவது மெஷினின் கூவும் சத்தத்தை, எதிர்முனையில் கேட்பார்கள், ஸ்டார்ட்டை அழுத்திவிட்டு ரிசீவரை வைக்க வேண்டும். நாம் வீட்டில் இருந்தால் சரி. நாம் வெளியே போயிருக்கும்போது வீட்டில் பெரியவர்கள் எடுத்தால், கூவும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். அதனால், அழைப்பது ஆளா மெஷினா என்று டோனைக் கேட்டுத் தானே பிரித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

2005-இல் அதே போன் லைனில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிய மெஷின் பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. மெஷினைப் பிரித்துப் பார்க்க ஆள் கூப்பிடவிருந்த நேரத்தில் லைன்மேன் வந்து, சுவரிலிருந்து வரும் ஒயருக்கும் ஃபேக்ஸுக்கும் நடுவே, இன்டர்நெட் சிக்னலைத் தடுக்கும் ஒரு சின்ன ஃபில்டரை மாட்டினார். அன்றோடு தொல்லை தீர்ந்தது.

இப்போது பல வீடுகளில் செம்புக் கம்பியே இல்லை, ஃபைபர்தான். அதில் குரல் துண்டு துண்டான டேட்டாவாகப் போகிறது. நடுவில் ஒரு துண்டு தவறினால் பேசுகிறவருக்குத் தெரியாது, ஃபேக்ஸ் மெஷின் தடுமாறிவிடும். அப்படி அறுந்தால் மெஷினின் அனுப்பும் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்துவிடும். பிழை திருத்தும் வசதியை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நிறுத்தினால் பக்கம் வந்து சேரும், ஆனால் நடுவில் ஒரு வரி சிதைந்தும் வரலாம். எண்கள் உள்ள தாளுக்கு நான் அதை நிறுத்துவதில்லை.

கரண்ட் விஷயம் வேறு. பழைய செம்பு லைனில் கரண்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபரில் வீட்டில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். ஃபேக்ஸையும் அந்தப் பெட்டியையும் சேர்த்தே இன்வெர்ட்டரில் கொடுங்கள். தாள் தீர்ந்த நேரத்தில் வந்த பக்கங்களை மெஷின் மெமரியில் வைத்திருக்கும், சில மெஷின்களில் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வாங்கும்போதே கேளுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து:

இந்தக் காலத்தில் ஃபேக்ஸா என்று யாராவது கேட்டால் என் வேலையைக் காட்டலாம். இங்கே வீட்டிலிருந்தே வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறேன். ஒருவர் சார்பில் ஐ.ஆர்.எஸ்.-இடம் (அமெரிக்க வரித்துறை) பேச அதிகாரம் தரும் 2848 படிவத்தை இன்றும் ஃபேக்ஸில் அனுப்பலாம். புதுத் தொழிலுக்கு வரி எண் கேட்கும் எஸ்.எஸ்.-4 படிவமும் அப்படித்தான். அனுப்புவதுதான் அதிகம், வருவது குறைவு. உங்களுக்கும் அப்படி என்றால் தனி ஃபேக்ஸ் மெஷின் வேண்டாம், பிரிண்டர், ஸ்கேனர், ஃபேக்ஸ் மூன்றும் சேர்ந்த கறுப்பு வெள்ளை லேசர் போதும். இன்க்ஜெட்டை அடிக்கடி ஓட்டாவிட்டால் மை காய்ந்துவிடுகிறது. தினமும் அச்சடிக்காத வீட்டு ஆபீசுக்கு அது சரிவராது. நான் பிரதர் கம்பெனி மெஷின் வைத்திருக்கிறேன். பெட்டிமேல் எம்.எஃப்.சி. என்று இருக்கிறதா பாருங்கள். அதே உருவத்தில் பக்கத்திலேயே விலை குறைவாக டி.சி.பி. என்று ஒன்று இருக்கும், அதில் ஃபேக்ஸ் கிடையாது.