புது ஊரில் நம் பங்கு எது?

சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) திருவிழாவுக்காக இங்கிலாந்திலிருந்து தங்கச்சிமடம் வந்திருக்கிறேன். வேர்க்காட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும், இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிற மூன்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி பாம்பன், ஒருத்தி மூக்கையூர், ஒருத்தி காரங்காடு. "அக்கா, அங்க நம்ம கோயில எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நம் வீடு எந்தக் கோயிலின் எல்லைக்குள் இருக்கிறதோ, அதுதான் நம் பங்கு. கூட்டத்தில் நின்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் உதவும்.

புறப்படுவதற்கு முன்னால், ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்கே போய்ச் சான்றிதழ் எடுங்கள். பதிவேடு அங்கேதான் இருக்கும். புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்கியது), உறுதிபூசுதல் (கன்ஃபர்மேஷன்) சான்றிதழும் கேளுங்கள். அங்கே கல்யாணம் என்றால் ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ்தான் கேட்பார்கள். அதனால் பங்குச்சாமி ஆபீசில் போய்க் கேட்டு வாங்கி அனுப்ப வீட்டில் ஓர் ஆளிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். எங்கே தாலி கட்டினாலும் அந்தத் தகவல் திரும்பி வந்து, நம்மூர் ஞானஸ்நான ஏட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்படும். எனக்கு இது இப்போதும் பெரிய ஆறுதல்.

போய் இறங்கியதும் மறைமாவட்ட இணையதளத்தில் உங்கள் முகவரிக்கு எந்தப் பங்கு என்று பாருங்கள். பலகையை நன்றாக வாசியுங்கள். சில ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயில்களிலும் மாதா சுரூபம், மெழுகுவர்த்தி, நம்முடையதைப் போலவே பூசை எல்லாம் இருக்கும். 'ரோமன் கத்தோலிக்க' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வார்டில் கூட வேலை செய்யும் மலையாளிப் பிள்ளைகள் சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்கரின் ஒரு பிரிவு) குர்பானாவுக்கு, அதாவது அவர்கள் பூசைக்கு, கூப்பிடுவார்கள். தாராளமாகப் போகலாம், அதுவும் கத்தோலிக்கப் பூசைதான், ஞாயிறு கடனும் தீரும். ஆனால் வழிபாட்டு முறை வேறு. ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழுந்தால் சனிக்கிழமை மாலைப் பூசை போதும்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் ஒரு வாரம் இந்தக் கோயில், மறு வாரம் அந்தக் கோயில் என்று டூட்டிக்குத் தக்கபடி போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். நம்மூரில் ஒரு வாரம் வராவிட்டால் அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) அக்கா வீட்டுக்கே வந்துவிடுவார். அங்கேயும் யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். பிறகு மகளைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, தவறாமல் பூசைக்கு வருகிற குடும்பம் என்று பங்குச்சாமி கையெழுத்துப் போட்ட படிவம் கேட்டார்கள். சாமியார் நல்ல மனிதர்தான். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களை நான் பார்த்ததே இல்லையே அம்மா" என்றார். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. ஆரம்பப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. அதை நினைத்து டிசம்பரில் சாமியாரைத் தேடி ஓடிப் பலனில்லை.

அதனால் முதல் ஞாயிறே, வாசலில் கைகொடுக்க நிற்கும் சாமியாரிடம் பெயர், ஊர், குடியிருக்கும் தெரு மூன்றையும் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். அந்த எல்லைக்குள் குடியேறிவிட்டால் திருச்சபைச் சட்டப்படி அது உங்கள் பங்கு. பதிவுப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். முடிந்தவரை ஒரே பூசை நேரத்துக்குப் போய் ஒரே பக்கத்தில் உட்காருங்கள். ஆறு வாரத்தில் பக்கத்துப் பாட்டி உங்கள் பெயரைக் கேட்டுவிடுவார். பூசைக்குப் பின் ஹாலில் டீ கொடுப்பார்கள். அதைக் குடிக்காமல் கிளம்பாதீர்கள், உறவு தொடங்குவது அங்கேதான்.

பழக்கங்கள் கொஞ்சம் மாறும். செருப்பைக் கழற்ற மாட்டார்கள். ஆண் பக்கம், பெண் பக்கம் கிடையாது. சமாதானம் சொல்லும்போது கைகூப்பினாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. நம்மூர் போல வீட்டுக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரி இல்லை, கவரில் காணிக்கை போடுவார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கோயிலுக்குச் சேரும். பூசையில் நாம் சொல்லும் பதிலுரைகளை ஆங்கிலத்தில் சீக்கிரம் மனப்பாடம் செய்யுங்கள். 1693-இல் ஓரியூரில் உயிர் கொடுத்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பனில் பிறந்தவர். நம் தமிழைக் கற்று, நம் நடை உடையை ஏற்றுத்தான் நம்மோடு வாழ்ந்தார்.

தமிழ்ப் பூசை பல நகரங்களில் உண்டு, மாதம் ஒருமுறை என்றாலும் விடாதீர்கள். 'பரலோகத்தில் இருக்கிற' என்று எல்லாரும் சேர்ந்து தொடங்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நடுராத்திரியில் அவஸ்தைப்பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) கூப்பிட்டால் ஓடி வருவது பக்கத்துக் கோயில் சாமியார்தான்.

ஜூலையில் இங்கிலாந்தில் உள்ள வால்சிங்காம் மாதா கோயிலுக்குத் தமிழர் திருப்பயணம் போவோம். அங்கே 'ஸ்லிப்பர் சேப்பல்' என்று ஒரு சிறிய பழைய கோயில் இருக்கிறது. அந்தக் காலத்து யாத்திரிகர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி ஒரு மைலை வெறுங்காலோடு நடந்தார்களாம். அதைக் கேட்டதும் என் அம்மா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் கழற்றினேன். தார் ரோடு, நடுநடுவே சரளைக் கல். அம்மா செபமாலை சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டார். போக விரும்புகிறவர்கள் பஸ் சீட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.