கருவாடு விற்க பேஸ்புக் பக்கம் உதவுமா?

பாம்பன் அக்கா:
நெத்திலி, வாளை, சீலாக் கருவாடு போட்டு விற்கிறோம். மொத்த வியாபாரி வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறார். அவர் சொல்வதுதான் விலை. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் தொடங்கி நேரடியாக விற்கலாம் என்கிறாள் மகள். இறங்கலாமா?

மண்டபத்துக்காரன்:
தயங்காமல் இறங்குங்கள் அக்கா. வெளியூர்க்காரர் கருவாடு வாங்க யோசிப்பதே மணலுக்குப் பயந்துதான். நீங்கள் தரையில் கொட்டாமல் பரண் கட்டி, வலை விரித்துக் காயப்போடுபவர் என்றால் அதை அப்படியே கைப்பேசியில் படம் பிடியுங்கள். வாளையைக் கீறிக் குடலெடுத்துக் கழுவுவது, உப்புத் தடவுவது, வெயிலில் திருப்பிப் போடுவது, ஒரு நிமிடம் போதும். பாட்டும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம். பக்கத்தின் பெயரில் பாம்பன் என்று இருக்கட்டும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே ஊர்ப் பெயரோடுதான்.

கீழக்கரை காக்கா (அண்ணன்):
தம்பி ஆசை காட்டுகிறார். ஆயிரம் பேர் பக்கத்தைப் பின்தொடர்ந்தாலும் நம் பதிவை யாருக்குக் காட்டுவது என்று அந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது. காசு கட்டி விளம்பரம் செய்தால் கூடுதலாகக் காட்டும். மொத்த வியாபாரியின் பிடியிலிருந்து விடுபட்டு முகம் தெரியாத இன்னொருவன் பிடியில் சிக்குவதா? 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதை மட்டுமே நம்பிய சிறு வியாபாரிகளுக்கு வாடிக்கையாளர்கள் ஒரே இரவில் கைவிட்டுப் போனார்கள். எங்கள் ஓலைக்கொட்டான் கூடை இன்றும் வாய்வழிப் பேச்சில்தான் விற்கிறது. ஒருவர் கல்யாணத்துக்கு வாங்கினால் அங்கே பார்த்தவர்கள் விலாசம் கேட்டு வருகிறார்கள்.

மண்டபத்துக்காரன்:
காக்கா, அன்று தப்பியவர்கள் யார்? வாங்கியவர்களின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்கள். பக்கத்தைப் பார்த்து விசாரிப்பவரை வாட்ஸ்அப் பிசினஸுக்கு வரச் சொல்ல வேண்டும். அதில் சரக்குப் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் வைக்கலாம். பக்கம் நாளைக்கே மூடினாலும் எண்கள் அக்காவிடம் இருக்கும். வாய்வழிப் பேச்சு நல்லதுதான், ஆனால் பாம்பனில் பேசியது கோயம்புத்தூருக்குக் கேட்காது.

தொண்டி வாசகி:
அக்கா, உணவுப் பாதுகாப்புத் துறையில் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். இன்னொன்று, பார்ப்பவர்களைக் கவர நினைத்துக் கடல் அட்டை, கடல் குதிரைப் படங்களை விற்பனைப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். 2001 முதல் அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வீண் வம்பு.

கீழக்கரை காக்கா:
சரி, எண்கள் விஷயத்தில் தம்பி சொல்வது நியாயம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் எவ்வளவு கிடைத்துவிடும்? அந்த நேரத்தில் ஆர்டர் குவிந்தால் பழைய சரக்கைத் தள்ளிவிடத் தோன்றும். ஒரு பொட்டலம் கெட்டுப்போனதென்று ஒருவர் எழுதினால் அதை எல்லாரும் படிப்பார்கள். விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுக்கும் பெண், இரவில் உட்கார்ந்து "விலை என்ன" என்று கேட்கும் ஐம்பது பேருக்குப் பதில் எழுத முடியுமா? மகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டால் யார் பார்ப்பது? அந்த உழைப்புக்கும் கூலி உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மண்டபத்துக்காரன்:
தடைக்காலத்தில் "சரக்கு இல்லை" என்று வெளிப்படையாக எழுதட்டும். அப்படி எழுதுகிற கடை மேல்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

பாம்பன் அக்கா:
மொத்த வியாபாரியை விடப் போவதில்லை. அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பவர் அவர்தான். வாளையை மட்டும் பக்கத்தில் போட்டுப் பார்க்கிறேன். காக்கா, பதிவிலேயே விலையை எழுதிவிட்டால் கேள்வி பாதியாகக் குறையாதா?

கீழக்கரை காக்கா:
குறையும் தங்கச்சி. கால் கிலோ, அரைக் கிலோ என்று தனித்தனியாக எழுதுங்கள், கூரியர் செலவையும் சேர்த்து. வாடை கசியாமல் இரட்டைப் பையில் கட்டுங்கள். முதலில் உங்கள் சொந்தக்காரர் யாருக்காவது அனுப்பி, பொட்டலம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பக்கத்தைத் தொடங்கலாம்.