மதம் மாறினால் சாதி போய்விடுமா?

கேள்வி:
எங்கள் தெருவில் பட்டியல் சாதி இந்துவான என் நண்பருக்குக் கிடைக்கும் இட ஒதுக்கீடு, அதே சாதியில் பிறந்து கிறிஸ்தவனாக வளர்ந்த எனக்குக் கிடைப்பதில்லை. ஊரார் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் நடத்துகிறார்கள். சட்டம் மட்டும் ஏன் பிரிக்கிறது?

பதில் 1:
பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுக்கும் குடியரசுத் தலைவரின் 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தியே காரணம். இந்து மதத்தைப் பின்பற்றாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அது. அது 1956-இல் சீக்கியர்களுக்காகவும் 1990-இல் பௌத்தர்களுக்காகவும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள் என்றாலும், தனித்தொகுதியில் போட்டியிட முடியாது; 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உங்களுக்குத் துணை நிற்காது. இடஒதுக்கீட்டைவிட இதுவே பெரிய இழப்பு என்பேன்.

பதில் 2:
கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற வாதத்தின் மேல்தான் அந்த விலக்கு நிற்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்த சுவரைப் பார்த்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார். (இதில் திருச்சபைக்கும் பங்குண்டு.)

பதில் 3:
திருநர்களைப் பிற்படுத்தப்பட்டோராகக் கருத வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியபோதும் இதே சிக்கல் எழுந்தது. தலித் திருநங்கை ஒருவர் சாதி, பாலினம் என்ற இரண்டில் எந்த அடையாளத்தின் பெயரால் உரிமை கேட்பது? ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு உள் ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்தே வலுப்பெற்றது.