வால்ஜூ 7733: க்ரோனோகிராஃபை ஓடவிட்டால் 58-ஆவது விநாடியில் கடிகாரமே நின்றுவிடுகிறது

முத்தியால்பேட்டைக்காரன் (புதுச்சேரி):

வணக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த என் தாத்தா அங்கிருந்து வாங்கி வந்த க்ரோனோகிராஃப் (நேரத்தை எண்ணும் நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த) கைக்கடிகாரம் ஒன்றைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் இயந்திரம் வால்ஜூ 7733 என்ற சுவிஸ் வகை. கையால் சாவி கொடுக்கும் வகை. மணிக்கு 18,000 அதிர்வுகள். 30 நிமிடம் வரை எண்ணும் சிறுமுள் ஒன்று உண்டு. கடிகாரப் பழுது எனக்குத் தொழில் அன்று. பழைய எச்எம்டி கடிகாரங்களைப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டுப் பழகியிருக்கிறேன். க்ரோனோகிராஃபுக்கு இப்போதுதான் வருகிறேன். அடிப்படைக் கடிகாரப் பகுதி முழுவதையும் சுத்தம் செய்துவிட்டேன். மேலடுக்கில் உள்ள க்ரோனோ பாகங்களைத் தூசி தட்டியதோடு விட்டிருக்கிறேன்.

முழுச் சாவியில் டயலை மேல்நோக்கி வைத்து, க்ரோனோ ஓடாத நிலையில் பார்த்தால், டைம்கிராஃபரில் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் வீச்சு 275 டிகிரி காட்டுகிறது. மேல் பொத்தானை அழுத்தியதும் அது 225-க்கு இறங்குகிறது. க்ரோனோவின் விநாடியைக் காட்டும் நடு முள் நடுக்கமில்லாமல் செல்கிறது; ஆனால் 58-ஐத் தொட்டதும் தயங்கி, அங்கேயே நின்றுவிடுகிறது, கடிகாரமும் கூடவே நின்றுவிடுகிறது. மறுபடி பொத்தானை அழுத்தி க்ரோனோவை விடுவித்தால் பேலன்ஸ் உடனே ஆடத் தொடங்குகிறது.

லீவர்களுக்கு அருகே மையம் தள்ளிய திருகுகள் தெரிகின்றன. அவற்றைத் திருப்பி, ஓடும் கடிகாரத்தோடு க்ரோனோவை இணைக்கும் கிளட்சின் பல் பிடிப்பைத் தளர்த்தலாமா? உதிரி பாகம் வேண்டுமென்றால் இங்கே காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் கிடைக்கும் பழைய க்ரோனோ எதையாவது வாங்கிக்கொள்ளலாமா?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்):

தம்பி, அந்தத் திருகுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவை பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் சாதாரணத் திருகுகள் அல்ல. ஒரு பல் இன்னொரு பல்லுக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எசென்ட்ரிக்குகள். தொழிற்சாலையிலோ பின்னால் வந்த நல்ல கையிலோ ஒருமுறை சரியாக நிறுத்தப்பட்டவை தாமாக நகர்வது அரிது. என்றாவது திருப்பியே ஆகவேண்டும் என்று வந்தால், முதலில் லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்துப் பிளவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிகாரம் நிற்கும் இடமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. நடுவில் உள்ள க்ரோனோ வீலில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 60-ஐ நெருங்கும்போதுதான் அது ஸ்லைடிங் கியரின் பல்லைத் தொட்டு, அதன் வழியாக நிமிட வீலை ஒரு பல் தள்ளுகிறது. நிமிட வீலை இடம் மாறாமல் பிடித்திருக்கும் ஜம்பர் ஸ்பிரிங்கின் மூக்கு, பல்லின் சரிவில் ஏறி உச்சியைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும் வரை, அந்தச் சுமை முழுவதையும் பேலன்ஸுக்குப் போகவேண்டிய விசைதான் தாங்குகிறது. 58-இல் தொடங்கும் தயக்கம் என்பது அந்த ஏற்றம். ஆகவே கிளட்சை விட்டுவிட்டு விரல், ஸ்லைடிங் கியர், நிமிட வீல், ஜம்பர் என்று தொடரும் நிமிடச் சங்கிலியைப் பாருங்கள்.

சோதனை எளிது. முதலில் ஸ்லைடிங் கியரை மட்டும் கழற்றிவிட்டு க்ரோனோவை ஓடவிடுங்கள். அதன் ஸ்பிரிங் தெறித்து ஓடக்கூடியது என்பதால் பெரிய பாலித்தீன் பைக்குள் கைகளை விட்டுக் கழற்றுவது நல்லது. முள் 60-ஐத் தாண்டிச் சென்றால் குற்றம் நிமிடச் சங்கிலியில்தான். அடுத்து ஸ்லைடிங் கியரை மாட்டிவிட்டு ஜம்பரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் தடையின்றி ஓடினால் ஜம்பரே காரணம்; நின்றால் விரல் அளவுக்கு மீறி ஆழமாக இறங்குகிறது என்று பொருள், எசென்ட்ரிக்கைப் பற்றி அப்போது பேசலாம்.

சந்தையைப் பற்றி: அங்கே க்ரோனோ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. 7733-க்குத் தானம் கொடுக்கக்கூடியவை அதே குடும்பத்தின் 7734-உம் 7736-உம். முன்னதில் தேதியும் பின்னதில் மணிக் கணக்கும் கூடுதலாக இருக்கும், க்ரோனோ பாகங்களில் பல பொதுவானவை. இந்தக் குடும்பத்தின் மூலம் வீனஸ் 188 என்பதால், அந்தப் பெயரிலும் தேடிப் பார்க்கலாம்.

லாஸ்பேட்டை லென்ஸ்:

ஐயா சொன்னது சரி, ஆனால் 50 டிகிரி இறக்கத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்த வகைக் கிளட்சில் க்ரோனோ ஓடும்போது 20 முதல் 30 டிகிரி வரை குறைவது இயல்பு. ஐம்பது என்றால் 58-ஆவது விநாடிக்கு வருவதற்கு முன்பே கடிகாரம் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

டைம்கிராஃபரில் 10-ஆவது விநாடியிலும் 40-ஆவது விநாடியிலும் வீச்சைக் குறித்துப் பாருங்கள். ஒரே சுற்றுக்குள் ஏறி இறங்கினால் ஏதோ ஒரு வீல் வளைந்திருக்கிறது, அல்லது விநாடி வீலின் நீண்ட முனையில் அழுத்திப் பொருத்தப்பட்ட டிரைவிங் வீல் சாய்ந்திருக்கிறது. சீராகக் குறைந்தே இருந்தால், கிளட்ச் வீலின் முனைகளில் பழைய எண்ணெய் கோந்தாக இறுகியிருக்கும், அல்லது க்ரோனோ வீலுக்கு அடியில் உள்ள உராய்வு ஸ்பிரிங் அளவுக்கு மீறி அழுத்துகிறது. அந்த ஸ்பிரிங் வலுவிழந்தால் நடு முள் நடுங்கும், உங்களுடையது நடுங்கவில்லை. மேலடுக்கைத் தூசி மட்டும் தட்டினீர்கள் என்பதால் என் சந்தேகம் கோந்தின் மேல்தான். கழுவிய பிறகு க்ரோனோ வீல், கிளட்ச் வீல் ஆகியவற்றின் பற்களில் எண்ணெய் அறவே படக்கூடாது.

முத்தியால்பேட்டைக்காரன்:

இருவருக்கும் நன்றி. ஸ்லைடிங் கியர் இல்லாமல் ஓடவிட்டபோது முள் 60-ஐத் தாண்டி நிற்காமல் சுற்றியது. கியரை மாட்டி, ஜம்பரை எடுத்துவிட்டபோதும் ஓடியது. ஜம்பரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்: மூக்கின் ஒரு பக்கச் சரிவு கண்ணாடிபோல் மின்னுகிறது, மறுபக்கத்தில், பல் ஏறும் இடத்திலேயே, பழுப்பு நிறத்தில் துருப் பொட்டு ஒன்று சற்றே மேடிட்டிருக்கிறது. வீச்சு சுற்று முழுவதும் ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. மேலடுக்கைக் கழுவியதும் க்ரோனோ ஓடும்போது 245 வருகிறது. துருவை எப்படி எடுப்பது? ஸ்பிரிங்கைச் சற்று வெளிப்பக்கம் வளைத்து அழுத்தத்தைக் குறைத்தால் போதுமா?

மஞ்சக்குப்பத்தான்:

கடற்கரை ஊர்களில் எஃகு ஸ்பிரிங்குக்கு இது வழக்கம்தான். வளைக்க வேண்டாம். பழைய எஃகு ஒடிந்துவிடும்; ஒடியாமல் வளைந்து கொடுத்தாலும் நிமிட முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கத் தொடங்கும். மென்மையான மரக்குச்சியின் முனையைச் சீவி, மிக நுண்ணிய வைரப் பசையைத் தொட்டு, சரிவின் கோணம் மாறாதபடி ஒரே திசையில் தேய்த்து எடுங்கள். தேய்த்தபின் பெட்ரோல் ஈதரில் அலசிவிடுங்கள். பசையில் ஒரு துகள் மிஞ்சினாலும் நிமிட வீலின் பல்லை அரித்துவிடும். துருவுக்குக் கீழே குழி தெரிந்தால் மெருகேற்றிப் பயனில்லை, 7734-இன் ஜம்பரைத் தேடுங்கள். மாட்டிய பிறகு டயலை மேல்நோக்கியும் சாவியைக் கீழ்நோக்கியும் வைத்து, 30 நிமிடமும் முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். நிமிட வீலின் எல்லாப் பற்களும் மூக்கைக் கடந்தால்தான் சோதனை முடிந்ததாகும்.